பேரலைக்குப் பின் அச்சே: வியாபாரிகள் படிக்க வேண்டிய ஒரு கணக்கு

 

ஒரு தேசத்தின்மீது இயற்கையின் பேரிடி விழுந்தால், அந்தத் தேசமும் அண்டை அயலாரும் எவ்விதம் உதவுகிறார்கள், எவ்விதம் உதவ வேண்டும் என்பதைப் பற்றி நம் சங்கப் பத்திரிகைக்கு எழுதும்படி நண்பர்கள் சிலர் கேட்டுக் கொண்டார்கள். நாம் பெரிய படிப்புப் படித்தவர்களல்ல. ஆரம்பப் பள்ளியும் மதரஸாவும் கொடுத்தது போக, மீதியைக் கல்லாப்பெட்டிதான் கற்றுக் கொடுத்தது. ஆகவே பண்டிதர்கள் எழுதுவது போல் நமக்கு எழுத வராது. கடைக்காரன் கண்ணுக்குப் பட்டதை எழுதுகிறோம். பிழையிருந்தால் பொறுத்துக் கொள்ளவும்.

உதாரணத்துக்கு எந்த நாட்டை எடுப்பது என்று யோசித்தபோது அச்சேதான் முன்னே வந்து நின்றது. சுமத்ராத் தீவின் வடகோடியிலுள்ள அந்தச் சீமை நமக்கு அந்நியமன்று. பினாங்கில் அச்சே தெரு இருக்கிறது. அங்குள்ள பள்ளிவாசல் 1808ல் அச்சேயிலிருந்து வந்த ஒரு செல்வந்தரால் கட்டப்பட்டது. கப்பலில் ஹஜ்ஜுக்குப் போன காலத்தில் ஹாஜிகள் வந்து தங்கிப் புறப்பட்ட தெருவும் அதுவே. அதற்கும் முந்திய காலத்திலேயே நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டைக் கரைகளிலிருந்து துணிமூட்டைகளை ஏற்றிக்கொண்டு நம் முன்னோர் அச்சேக்குப் போய் மிளகு வாங்கி வந்தார்கள். அந்தப் பாதையின் ஒரு முனை நாகை, மறு முனை அச்சே, நடுவில் வந்து அமைந்தது பினாங்கு. 2004ம் வருஷம் டிசம்பர் 26ந் தேதி ஞாயிற்றுக்கிழமை, இந்த மூன்று இடங்களையும் ஒரே கடல் ஒரே நாளில் அடித்தது என்பதை எண்ணும்போது இன்றும் நம் உடல் சிலிர்க்கிறது.

அன்று அச்சேயில் காலை எட்டு மணி ஆகச் சற்று நேரம் இருக்கும்போது மேற்குக் கரைக்கு அப்பால் கடலடியில் பூமி பிளந்தது. அளவுகோலில் 9.1 என்று பதிவாயிற்று. அரை மணி நேரத்துக்குள் பண்டா அச்சே நகரத்துக்குள் கடல் புகுந்தது. மேற்குக் கரையில் சில இடங்களில் தண்ணீர் முப்பது மீட்டர் உயரத்துக்கும் மேலேறிற்று. இந்தோனேசியாவில் மட்டும் இறந்தோரும் காணாமற் போனோருமாகச் சுமார் 167,000 பேர். சுமார் ஐந்து லட்சம் பேருக்கு வீடு வாசல் இல்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆறாயிரம் பேர் அளவில் மாண்டார்கள். மலேசியாவில் 68 பேர் பலியானார்கள். அவர்களில் பெரும்பாலோர் பினாங்கைச் சேர்ந்தவர்கள். எல்லா நாடுகளையும் சேர்த்து 225,000க்கு மேற்பட்டோர். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

நிற்க. உதவி என்றால் சர்க்கார் செய்யும் என்று நாம் சாதாரணமாகச் சொல்லி விடுகிறோம். பண்டா அச்சேயில் உதவி செய்ய வேண்டிய சர்க்காரே தண்ணீரில் போய்விட்டது. நகர மேயர் இறந்தார். அலுவலகங்கள் இடிந்தன, குமாஸ்தாக்கள், போலீஸ்காரர்கள், ஆசிரியர்கள், டாக்டர்கள் என ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். பிழைத்தவர்களும் தத்தம் பிள்ளைகளைத் தேடிச் சேற்றில் அலைந்தார்கள். ஒரு கடையில் முதலாளியும் கணக்கப்பிள்ளையும் ஒரே நாளில் போய், பேரேடும் நனைந்து போனால் அந்தக் கடை எப்படியிருக்கும்? அப்படியிருந்தது அந்த மாகாணம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. 1976 முதல் அச்சேயில் சுதந்திரம் கேட்டு ஓர் இயக்கம் ஆயுதம் ஏந்திப் போராடி வந்தது. 2003ல் ராணுவ ஆட்சி அறிவிக்கப்பட்டு, வெளிநாட்டார் எளிதில் உள்ளே போக முடியாதபடி கதவு சாத்தப்பட்டிருந்தது. அலை அடித்த சில நாட்களில் ஜகார்த்தா சர்க்கார் அந்தக் கதவைத் திறந்து விட்டது. இதைச் சிறிய காரியமாக நாம் எண்ணலாகாது. உள்நாட்டுச் சண்டை நடக்கும் வீட்டுக்குள் பிறர் வந்து பார்க்கட்டும் என்று விடுவதற்கு ஒரு தேசத்துக்குத் தைரியம் வேண்டும். ஜனாதிபதி சுசிலோ பம்பாங் யூதயோனோ பதவியேற்று மூன்று மாதம்கூட நிறையவில்லை. உப ஜனாதிபதி யூசுப் கல்லா மக்காசார் பக்கத்து வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். நம்மைப் போல் கொடுக்கல் வாங்கலில் வளர்ந்த மனிதர் என்பதால் அவர் பெயரைச் சொல்லுவதில் நமக்கு ஒரு சந்தோஷம்.

முதல் வாரங்களில் இந்தோனேசிய மக்கள் செய்தது மெச்சத்தக்கது. தீவு தீவாகத் தொண்டர்கள் வந்தார்கள். செம்பிறை, செஞ்சிலுவைக் கூட்டத்தாரும் முகம்மதிய்யா, நஹ்ததுல் உலமா முதலிய ஜமாஅத்தாரும் ராணுவத்தாரும் செய்த முதல் வேலை மய்யித்துகளை எடுத்து அடக்குவது. குளிப்பாட்டிக் கபனிட வசதியில்லாத அந்த நிலையில் அப்படியே அடக்கம் செய்யலாம் என்று உலமாக்கள் அனுமதி சொன்னார்கள். விமான நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரே கபுரிடத்தில் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அடங்கியிருக்கிறார்கள். அனாதைப் பிள்ளைகளைச் சிலர் கடத்திச் செல்லக்கூடும் என்ற பயம் எழுந்தபோது, பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பெற்றோர் இன்றி மாகாணத்தை விட்டு வெளியேறக் கூடாது என்று சர்க்கார் உத்தரவிட்டது. சோறு கொடுப்பதற்கு முன்னால் காவல் போடத் தெரிந்த உத்தரவு அது.

நம் இரு நாடுகளும் சும்மாயிருக்கவில்லை. சிங்கப்பூர் தன் கடற்படையின் மூன்று பெரிய கப்பல்களையும் ஹெலிகாப்டர்களையும் மூலாபோ நகரத்துக்கு அனுப்பிற்று. அங்கே துறைமுகம் அழிந்து போயிருந்தது. ஆகவே அவர்கள் கரையைச் சுத்தம் செய்து படகுகள் ஏற இடம் பண்ணிக் கொண்டார்கள். மலேசியா சுபாங் விமானத் தளத்தை ஐக்கிய நாட்டு உதவிச் சரக்குகளுக்குத் திறந்து கொடுத்தது. அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலும் வந்து நின்று, ஹெலிகாப்டர் மூலம் சோறும் தண்ணீரும் இறக்கிற்று. உலகமே கையை நீட்டியது என்று சொன்னால் மிகையாகாது.

இனி நம் சொந்தக் கதைக்கு வருவோம். இதை எழுத வெட்கமாயிருக்கிறது. ஆனாலும் எழுதினால்தான் இந்தப் பாடம் முழுமையாகும்.

அப்போது நாம் பினாங்கில் மாமாவின் துணிக்கடையில் நிற்கிறோம். வயது இருபதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடல் ஏறிய செய்தி கேட்டு நாம் நடுங்கியது உண்மை. மறுநாள் தெரு வியாபாரிகள் கூடிப் பேசி, அச்சேக்குத் துணிமணிகள் சேர்த்து அனுப்புவது என்று தீர்மானித்தார்கள். மாமா கடைக்கு வந்ததும், "தம்பி, அடித்தட்டில் கிடக்கிறதையெல்லாம் இறக்கிக் கட்டு. அவங்களுக்காவது உதவட்டும்" என்றார். நாமும் சந்தோஷமாகக் கட்டினோம். என்ன கட்டினோம் தெரியுமா? ஐந்து வருஷமாக விலை போகாத கம்பளிச் சட்டைகள், ஜிகினா வைத்த கவுன்கள், வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்களுக்கென்று வாங்கி விற்காமற் போன குட்டைக் கால்சட்டைகள், கறை பட்ட திரைச்சீலைத் துணிகள். மொத்தம் பதினோரு மூட்டை. லாரியில் ஏற்றிவிட்டு வந்து, அன்றைய சிட்டையில் அந்தச் சரக்குகளின் கொள்முதல் விலையைக் கூட்டி, "அச்சே துயர் நிவாரணம் – தர்மம்" என்று எழுதினோம். கை எழுத்து நம்முடையது. தட்டும் காலியாயிற்று, நன்மையும் எழுதியாயிற்று என்று அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினோம்.

நம் கடையில் மொத்தமாகத் துணி வாங்கிக் கம்பம் கம்பமாகக் கொண்டு போய் விற்கும் அச்சேக்காரர் ஒருவர் இருந்தார். அவர் வீடு பண்டா அச்சேயின் கடலோரமாகிய உலே லேயில். தாயையும் இரண்டு தங்கைகளையும் அலை கொண்டு போயிற்று. செய்தி கேட்டு ஓடியவர் மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தார். மாமா அவரை உட்கார வைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்து, ஆறுதல் சொல்லிவிட்டு, "நாங்களும் துணி அனுப்பினோம், வந்து சேர்ந்ததா?" என்று கேட்டார். அவர் கொஞ்ச நேரம் கோப்பையையே பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு மலாயில், "தவ்கே, தப்பாக எடுத்துக் கொள்ளாதீர்கள். துணி வந்தது. மலை மலையாக வந்தது. மழையில் நனைந்து நாறிக் கிடந்தது. சாலையை அடைத்த மூட்டைகளை அப்புறப்படுத்த எங்கள் ஆட்களுக்கு இரண்டு நாள் வேலை. என் பெரியம்மா தொழுவதற்கு ஒரு தெலெகோங் இல்லாமல், சாக்குப் படுதாவைப் போர்த்துக்கொண்டு தொழுதாள்" என்றார்.

மாமா பதில் சொல்லவில்லை. நாம் உள்ளே போய்விட்டோம்.

இது நம் கடை ஒன்றின் குற்றம் மட்டுமல்ல என்பதைப் பிற்பாடு தெரிந்து கொண்டோம். நாகப்பட்டினத்திலும் அப்படியே பழந்துணிகள் சாலையோரம் குவிந்து கிடந்து, யாரும் தொடாமல் மக்கிப் போயின. மருந்தின் கதை இன்னும் மோசம். இருபது லட்சம் பேர்கூட இல்லாத வட்டாரத்துக்கு உலகம் அனுப்பிய மருந்து சுமார் 4,000 டன். பிறகு வந்து சோதித்த பிரெஞ்சு மருந்தாளர் கூட்டத்தாரின் கணக்குப்படி, அதில் நூற்றுக்கு அறுபது பங்கு அந்நாட்டின் அவசிய மருந்துப் பட்டியலில் இல்லாதது. எழுபது பங்கு அவ்வூரார் படிக்க முடியாத பாஷையில் பெயர் ஒட்டப்பட்டது. அறுநூறு டன் அழிக்கப்பட வேண்டியதாயிற்று. மருந்தை அழிப்பதற்கும் பணம் வேண்டுமல்லவா? அந்தப் பணமும் துயரப்பட்டவர் தலையில்தான் விடியும்.

வியாபாரிகளே, வாடிக்கையாளர் கேட்காத சரக்கை அவர் வாசலில் இறக்கினால் அவர் நம்மை என்ன சொல்வார்? கூலி கொடுத்துத் திருப்பி எடுத்துப் போ என்பார். துயரத்தில் இருப்பவன் அப்படிச் சொல்ல முடியாது. ஆகவேதான் நம் கிட்டங்கிக் கழிவு அவன் வாசலுக்குப் போகிறது. அச்சேயின் கிழக்குக் கரையில் பீருவன், லோக்சுமாவே ஊர்களில் சந்தை நடந்து கொண்டுதான் இருந்தது. மேடானில் அரிசி, துணி, சட்டி பானை, பாய் எல்லாம் கிடைத்தன. கையில் காசிருந்தால் அவர்கள் தமக்கு வேண்டியதைத் தாமே வாங்கியிருப்பார்கள். அந்த ஊர்க் கடைக்காரனும் பிழைத்திருப்பான். இதை உணர்ந்த சில தொண்டு நிறுவனங்கள், சேறு அள்ளும் வேலையை அவ்வூர் மக்களுக்கே கொடுத்து, தினக்கூலியும் கொடுத்தன. கூலி கைக்கு வந்ததும் முதலில் முளைத்தவை காப்பிக் கடைகள் என்று நம் அச்சேக்காரர் சொன்னார். அச்சேக்காரனுக்குக் காப்பிக் கடை இல்லாமல் ஊர் இல்லை. அது வேறு விஷயம்.

அடுத்ததாக, தேசம் செய்த பெரிய காரியத்தைப் பார்ப்போம். உலக நாடுகளும் வங்கிகளும் தனியாரும் இந்தோனேசிய சர்க்காரும் சேர்ந்து, அச்சேக்கும் பக்கத்து நியாஸ் தீவுக்குமாக ஒப்புக் கொண்ட தொகை சுமார் 720 கோடி அமெரிக்க டாலர். நியாஸ் ஏனென்றால், 2005 மார்ச்சில் அங்கே இன்னொரு பூகம்பம் வந்தது. இவ்வளவு பணம் வந்தால் எந்த நாட்டிலும் கை நீளும். லஞ்ச விஷயத்தில் அந்நாளில் இந்தோனேசியாவின் பெயர் அவ்வளவு நன்றாகவும் இல்லை. இதை அவர்களே நன்கு அறிந்திருந்தார்கள். ஆகவே 2005 ஏப்ரலில் புனரமைப்புக்கென்றே தனி இலாகா ஒன்றை ஏற்படுத்தினார்கள். சுருக்கமாக பி.ஆர்.ஆர். என்பார்கள். தலைவராக வந்தவர் முன்னாள் சுரங்க மந்திரி குந்தோரோ மங்குசுப்ரோதோ. 2023ல் காலமானார்.

அந்த இலாகாவின் அமைப்பில் மூன்று சங்கதிகள் நம் கவனத்தைக் கவர்ந்தன. தலைமை அலுவலகம் ஜகார்த்தாவில் அல்ல, பண்டா அச்சேயிலேயே வைக்கப்பட்டது. கிளைக்கடையில் திருட்டுப் போனால் முதலாளி அங்கேயே போய்ப் பாய் விரித்துப் படுக்க வேண்டும் என்பார் நம் மாமா, அதே கொள்கைதான். அடுத்து, லஞ்சத்தைக் கண்காணிக்க இலாகாவுக்குள்ளேயே ஒரு தனிப் பிரிவு வைத்து, அதிகாரிகளிடம் நாணய உறுதிமொழி எழுதி வாங்கினார்கள். சம்பளத்தையும் தாராளமாகக் கொடுத்தார்கள். கல்லாவில் உட்காருபவன் வீட்டில் பட்டினியிருந்தால் அமானிதம் நிலைக்காது என்பது நமக்குத் தெரியாததா? இவையெல்லாவற்றையும் விட நம்மை ஆச்சரியப்படுத்தியது, அந்த இலாகாவுக்கு முதல் நாளே முடிவு நாளும் குறித்ததுதான். நான்கு வருஷம். 2009 ஏப்ரலில் கணக்கை ஒப்புவித்துவிட்டு அது மூடப்பட்டது. திறந்த இலாகாவை மூடுகிற சர்க்காரை நாம் எங்கே பார்த்திருக்கிறோம்?

நான்கு வருஷத்தில் 140,000க்கு மேற்பட்ட வீடுகள், 3,600 கிலோ மீட்டருக்கு மேற்பட்ட சாலைகள், 1,700க்கு அதிகமான பள்ளிக் கட்டடங்கள், ஆயிரத்துக்கு மேற்பட்ட வைத்திய நிலையங்கள், பாலங்கள், துறைமுகங்கள் எழுந்தன. ஒப்புக் கொண்ட தொகையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் உண்மையிலேயே செலவுக்கு வந்து சேர்ந்தது. கூட்டத்தில் எழுந்து ஆயிரம் வெள்ளி என்று சொல்லிவிட்டு, வசூலுக்குப் போனால் ஊரில் இல்லை என்று சொல்லச் சொல்லும் நம் வழக்கத்தை நினைத்தால், இந்தத் தொண்ணூறு எவ்வளவு பெரிது என்று விளங்கும்.

எல்லாம் பாலும் தேனுமாக ஓடிற்று என்று சொல்ல மாட்டோம். முதல் வருஷ முடிவில் கட்டி முடிந்த வீடுகள் சுமார் 16,000தான். கூடாரத்திலும் கொட்டகையிலும் மழைக்காலம் கழித்த மக்கள் கொதித்துப் போய் 2006ல் இலாகா அலுவலகத்தையே முற்றுகையிட்டார்கள். செங்கல், மரம், கொத்தனார் கூலி எல்லாம் ஏறின. 2005 முடிவில் பண்டா அச்சேயில் விலைவாசி ஒரு வருஷத்தில் நாற்பது சதவிகிதத்துக்கு மேல் உயர்ந்திருந்தது. பெட்ரோல் விலையேற்றமும் அதில் ஒரு பங்கு என்றாலும், துயரத்தின் பெயரால் லாபம் பார்த்த வியாபாரிகளும் இருந்திருப்பார்கள். அவர்கள் நம் இனத்தவரே, அதாவது கடைக்காரர்களே. சில வெளிநாட்டு நிறுவனங்கள் கட்டிய வீடுகள் உதவாமல், இடித்துத் திரும்பக் கட்டப்பட்டன. மீனவர்களுக்கென்று கொடுத்த சிறு படகுகளில் பல, கடலுக்குப் போகவே லாயக்கில்லாமல் கரையில் கிடந்தன. மரமும் தெரியாது, அந்தக் கடலும் தெரியாது. படகு எண்ணிக்கை மட்டும் தெரியும் என்பவர்கள் கொடுத்தது அப்படித்தான் இருக்கும். வாடகை வீட்டில் குடியிருந்து எல்லாம் இழந்தவனுக்கு வீடில்லை என்று முதலில் சொன்ன விதியும் தப்பு. கூச்சல் எழுந்த பிறகுதான் அது மாற்றப்பட்டது.

வீடு கட்டுவதை விடக் கடினமான வேலை ஒன்று இருந்தது. வீட்டை எந்த இடத்தில் கட்டுவது? யாருடைய நிலம் எது? வேலி போயிற்று, மரம் போயிற்று, அடையாளக் கல் போயிற்று. சில இடங்களில் நிலமே கடலாயிற்று. பத்திரம் வைத்திருந்தவரும் இல்லை, பத்திரமும் இல்லை. வாரிசு யார் என்று சொல்லச் சாட்சியும் இல்லை. பலவான் வளைத்துக் கொள்ள இதைவிட நல்ல சமயம் வேறென்ன வேண்டும்? இந்த இடத்தில் அச்சே மக்கள் செய்ததைத்தான் நாம் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறோம்.

நிலப் பதிவு அலுவலகத்தில் உப்புநீரிலும் சேற்றிலும் ஊறிப்போன பதிவேடுகளைத் தோண்டி எடுத்தார்கள். காய வைத்தால் தாள் ஒட்டிக் கொள்ளும். ஆகவே அவற்றை அப்படியே உறைய வைத்து ஜகார்த்தாவுக்கு அனுப்பி, ஜப்பானியரின் உதவியுடன் பக்கம் பக்கமாக உலர்த்தி மீட்டார்கள். பேரேட்டின் அருமை தெரிந்த நமக்கு இதைக் கேட்கும்போதே கண் கலங்குகிறது. ஏட்டில் இல்லாத நிலத்துக்கு, ஊரில் பிழைத்தவர்கள் ஒன்றுகூடி எல்லையை நடந்து காட்டினார்கள். இது இன்னாருடையது என்று அண்டை நிலத்தார் ஒப்பினார்கள். ஊர்த் தலைவரும் இமாமும் கையெழுத்திட்டார்கள். ஆட்சேபம் இருந்தால் சொல்லட்டும் என்று பொது இடத்தில் ஒட்டி வைத்தார்கள். அதன்பிறகு சர்க்கார் அளந்து பட்டாக் கொடுத்தது. கட்டணம் கிடையாது. இப்படி இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பட்டாக்கள் கொடுக்கப்பட்டன. பெண்களின் பங்கு எல்லா இடத்திலும் சரிவர ஏட்டில் ஏறவில்லை என்ற குறை உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும்.

வாரிசு விஷயத்தை அச்சேயின் ஷரீஅத் கோர்ட்டுகள் ஊர் ஊராகப் போய் விசாரித்தன. தகப்பனும் மகனும் ஒரே அலையில் போனால் யார் யாருக்கு வாரிசு? பெற்றோரை இழந்த பிள்ளையின் சொத்துக்கு வலி யார்? இவை மதரஸாவில் உஸ்தாது கரும்பலகையில் எழுதிப் போட்ட பாகப்பிரிவினைக் கணக்குகளைப் போன்றவை. நாம் அன்று அவற்றைச் சோம்பலோடு கேட்டோம். அங்கே அவை ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் சோறாகிவிட்டன. குடும்பத்தில் ஒருவரும் மிஞ்சாமல் போனவர்களின் நிலமும் பொருளும் பைத்துல்மாலின் பொறுப்பில் விடப்பட்டன. அனாதைகளின் சொத்தைப் பராமரிப்போரைக் கண்காணிப்பதும் அதன் கடமையாக 2007ல் சட்டமாயிற்று. பெயர் தெரியாத மனிதனின் உரிமையைக் கூட, ஒரு நாள் உரியவன் வரலாம் என்று காத்து வைப்பது எத்தகைய அமானிதம்!

சமாதானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2005 ஆகஸ்டு 15ந் தேதி ஹெல்சிங்கி நகரில் சர்க்காரும் இயக்கத்தாரும் ஒப்பந்தம் செய்து கொண்டார்கள். நடுவில் நின்றவர் பின்லாந்தின் முன்னாள் ஜனாதிபதி மார்த்தி அஹ்திசாரி. அலை அடித்த அன்று பண்டா அச்சே சிறையில் கைதியாயிருந்து தப்பிய இர்வாண்டி யூசுப், 2006 டிசம்பர் தேர்தலில் ஜெயித்து அதே மாகாணத்தின் கவர்னர் ஆனார். அதே அலை அடித்த இலங்கையிலோ, உதவியைப் பங்கிட்டுக் கொள்ளச் செய்த ஏற்பாடு கோர்ட்டில் நின்று போய், 2006ல் யுத்தம் மறுபடியும் மூண்டது. துயரம் தானாகவே யாரையும் சேர்த்து வைப்பதில்லை போலும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூகம்பத்துக்கு மிக அருகில் இருந்த சிமலூ தீவில் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் வசித்தார்கள். அங்கே இறந்தவர்கள் ஏழு பேரே. 1907ல் அத்தீவை ஒரு பேரலை அழித்தது. பூமி பலமாக ஆடிக் கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓடு என்று பாட்டிமார் அன்று முதல் தாலாட்டிலும் கதையிலும் சொல்லி வந்தார்கள். 'ஸ்மொங்' என்பது அந்த அலைக்கு அவர்கள் வைத்த பெயர். அன்று காலை ஒருவர் ஸ்மொங் என்று கத்த, ஊர் முழுவதும் மேட்டில் ஏறிவிட்டது. நம் பேரப்பிள்ளைகளுக்கு நாம் என்ன சொல்லி வைத்திருக்கிறோம்?

மாமாவின் சிட்டைக்குத் திரும்புவோம். அந்த அச்சேக்காரர் போன மறுநாள் மாமா பள்ளிவாசல் இமாமிடம் போய் விஷயத்தைச் சொன்னார். இமாம், "கொள்முதல் விலையை ஏன் எழுதினீர்கள்? அந்தச் சரக்கை இன்று சந்தையில் போட்டால் என்ன கிடைக்குமோ அதுதானே அதன் மதிப்பு?" என்று கேட்டாராம். மாமா கடைக்கு வந்து, சிட்டையை எடுக்கச் சொல்லி, நம் கையாலேயே அந்த வரியை அடிக்கச் சொன்னார். பக்கத்தில், "கழிவுச் சரக்கு – மதிப்பில்லை" என்று எழுத வைத்தார். பிறகு முதலில் எழுதியிருந்த தொகையை ரொக்கமாக எண்ணி உறையில் போட்டார். அதை ஒரே தடவையில் அனுப்பவில்லை. நான்கு பங்காக்கி, வருஷத்துக்கு ஒரு தடவை ரமலான் மாதத்தில், அச்சேக்காரரிடமே கேட்டு, அவர் ஊர் இமாமின் கைக்குக் கொடுத்தனுப்பினார். மூன்றாம் வருஷம் எல்லாரும் அச்சேயை மறந்துவிட்டார்கள். அந்த வருஷம் போன பணத்தில்தான் ஊர் மதரஸாவுக்குக் கிணறு எடுத்தார்கள் என்று இமாம் சீட்டெழுதி அனுப்பியிருந்தார். அந்தச் சீட்டு இன்றும் நம் கடைப் பெட்டியில் இருக்கிறது.

2007ல் அச்சேக்காரர் கடைசித் தடவையாகச் சரக்கு வாங்க வந்தார். இடுப்புப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் காட்டினார். உலே லேயிலுள்ள அவர் தாயாரின் மனைக்குப் பட்டா. எல்லை நடந்து காட்டியபோது அண்டை வீட்டாரில் பிழைத்திருந்தவர் ஒரே ஒரு கிழவர்தான் என்றார். அந்த மனையின் முன்பக்கத்தில் சின்னத் துணிக்கடை ஒன்று போடப் போவதாகவும், இனித் தெருத் தெருவாக அலைய வேண்டாம் என்றும் சொன்னார். மாமா எழுந்து நின்று, "உனக்கு என்ன சரக்கு வேண்டும், நீயே சொல்" என்றார். அவர் சொல்லச் சொல்ல நாம் எழுதினோம்: தெலெகோங் தைக்க வெள்ளைத் துணி இருபது பீஸ், கைலி ஐந்து டஜன், குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடச் சீருடைத் துணி, நூல், ஊசி. பாதி ரொக்கம், பாதிக்கு ஆறு மாதத் தவணை. நான்காம் மாதமே தீர்த்துவிட்டார்.